முதல் செட்டைக் கலையுங்கள்: லெகோவில் புதிதாக இறங்குபவர்களுக்கு

"லெகோ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த செட் வாங்கட்டும்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கட்டி முடித்த பிறகு அதைக் கலைப்பீர்களா? பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி, இரண்டு ராத்திரி கண் விழித்துக் கட்டியதைப் போய்க் கலைப்பதா!

கலைக்கத்தான் வேண்டும். செட்டோடு வரும் கையேட்டைப் பார்த்துக் கட்டுவது கோலப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பது மாதிரி. கை பழகும். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் நின்றால்தான் நமக்குக் கோலம் வருமா என்று தெரியும். அலமாரியில் வரிசையாக செட்டுகளை அடுக்கி வைப்பதும் ஒரு பொழுதுபோக்குதான், குறை சொல்லவில்லை. இந்தக் கட்டுரை துண்டுகளைப் பழகி, சொந்தமாக ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு. கடைசியில் ஒரு திண்ணை வீட்டு முகப்பைச் சேர்ந்தே கட்டிப் பார்ப்போம்.

துண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் 'லெக் கோட்' என்ற டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். 1949-இல் அவர்கள் விற்ற பிளாஸ்டிக் பிரிக்குகளுக்கு, அதாவது செங்கல் வடிவத் துண்டுகளுக்கு, உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் தூக்கினால் உதிரும். 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்குப் பதிந்த வடிவத்தில்தான் அடியில் குழாய்கள் வந்தன. மேலே உள்ள குமிழ், கீழே உள்ள குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிமானத்தை ஆர்வலர்கள் 'கிளட்ச்' என்பார்கள். 1958-க்குப் பிறகு வந்த பிரிக்கும் இன்று கடையில் வாங்கும் பிரிக்கும் ஒன்றோடு ஒன்று சேரும். தாத்தா பெட்டியும் பேரன் பெட்டியும் கலந்தால் எதுவும் வீணாகாது.

அந்தக் குமிழை ஆங்கிலத்தில் ஸ்டட் என்பார்கள், நான் குமிழ் என்றே எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் குமிழ்க் கணக்குதான். 2×4 என்றால் அகலத்தில் இரண்டு குமிழ், நீளத்தில் நான்கு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். பிரிக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டையான 'பிளேட்' 3.2. ஆகவே மூன்று பிளேட்டை அடுக்கினால் ஒரு பிரிக். குமிழே இல்லாமல் மேலே வழுவழுப்பாக இருப்பது 'டைல்', அதன் உயரமும் 3.2. சாய்ந்த முகம் கொண்டது 'ஸ்லோப்'. நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள 1×2 பிளேட்டுக்கு 'ஜம்பர்' என்று பெயர். எதையும் அரைக் குமிழ் தள்ளி வைக்க அது உதவும்.

இன்னொரு கணக்கையும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பிளேட் உயரம் 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழ் அகலமும் 16 மில்லிமீட்டர். அதாவது ஐந்து பிளேட்டை அடுக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இரண்டு குமிழ் இடத்தில் கச்சிதமாக உட்காரும். பக்கவாட்டில் குமிழ் உள்ள பிரிக்குகளை வைத்துச் சுவருக்குக் குறுக்கே கட்டும் வித்தை முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டில்தான் நிற்கிறது. இந்த வித்தையை ஆர்வலர்கள் 'ஸ்நாட்' என்பார்கள். முதல் மாதத்தில் தேவைப்படாது. ஆனால் ஒரு நாள் கடைப் பெயர்ப்பலகையைச் சுவரில் ஒட்டவைக்க நினைப்பீர்கள், அப்போது இந்த ஐந்தும் இரண்டும் நினைவுக்கு வரும்.

பெரும்பாலான துண்டுகளின் உட்புறத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 2×4 பிரிக் 3001, 2×3 பிரிக் 3002, 2×2 பிரிக் 3003, 1×2 பிரிக் 3004. கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துப் பழகுங்கள். ஒரு துண்டு வேண்டும் என்று இணையத்தில் தேடும்போது 'அந்தச் சின்னச் சதுரமா இருக்குமே' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, எண் போட்டால் உடனே வரும்.

எதை வாங்குவது, எங்கே ஏமாறுவோம்

முதல் வாங்கலுக்கு என் யோசனை: 'கிளாசிக்' என்று பெயர் போட்ட பலவண்ணப் பெட்டி ஒன்று, 'கிரியேட்டர் 3-இன்-1' வரிசையில் சிறியதாக ஒரு வீடு அல்லது கடை. பின்னதில் ஒரே துண்டுகளை வைத்து மூன்று விதமாகக் கட்டக் கையேடு இருக்கும், ஆக இரண்டு முறை கலைத்தே ஆகவேண்டும். கலைக்கும் தயக்கம் அங்கேயே போய்விடும். சினிமா, கார் கம்பெனி பெயர் போட்ட செட்டுகளில் துண்டுகள் அதிகம் விசேஷமானவை. அழகாக இருக்கும், ஆனால் வேறொன்று கட்ட எடுத்தால் பாதி உதவாது. தாஜ்மகால் மாதிரியான பெரிய செட்டை முதலில் தொடவே தொடாதீர்கள். 2008-இல் வந்த அந்த செட்டில் 5,922 துண்டுகள். அது ஆறாம் மாதத்து ஆசை.

விலை ஏன் இப்படி என்று கேட்பீர்கள். இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70. அதோடு 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரச் சான்று கட்டாயம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது 'என்னப்பா வேணும்' என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். பெட்டியைப் பிரித்து, துண்டுப் பைகளை மட்டும் கொண்டுவரச் சொன்னால் சூட்கேஸில் இடம் மிச்சம்.

பழைய துண்டுகளை மொத்தமாக வாங்குவது நல்ல வழிதான். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பெட்டிகள் எத்தனையோ பரணில் கிடக்கின்றன. ஆனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் புடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறு நிறுவனத்துடையது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதே அளவில் பிரிக் செய்ய யாருக்கும் தடையில்லை. சிலருடைய துண்டுகள் நன்றாகவே பிடிக்கும், விலையும் பாதிதான். வாங்கலாம், தப்பில்லை. கலந்து வைக்காதீர்கள், அவ்வளவுதான். பிடிமானம் கொஞ்சம் வேறுபட்டாலும் சுவரின் நடுவே பிளவு தெரியும். நான் ஒருமுறை எடைக்கு வாங்கிய மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வெளியார் சரக்கு. பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இரண்டாவது, சாம்பல் நிறம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை நீலம் கலந்த சாயலுக்கு மாற்றியது. பழைய சாம்பலையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும். மூன்றாவது, செம்பழுப்பும் அடர் சிவப்பும். 2000-களின் பிற்பகுதியில் வந்த அந்த நிறத் துண்டுகள் பல பிஸ்கட் மாதிரி உடையும் என்பது ஆர்வலர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. நான்காவது, வெள்ளையும் நீலமும் மஞ்சளடித்துப் போயிருப்பது. வெயிலின் புற ஊதாக் கதிர் செய்யும் வேலை அது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்க வைப்பவர்கள் உண்டு, ஆனால் கையுறை, கண் பாதுகாப்பு என்று அது தனிப் பாடு. தொடக்கத்தில் அந்தத் துண்டுகளைச் சுவரின் உள்பக்கம் கட்டி மறைத்துவிடுங்கள்.

வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் இந்தச் சின்னத் துண்டுகள் எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது. அதற்கு லெகோவின் சின்னக் குழந்தைகள் வரிசையான டூப்ளோ வாங்கிக் கொடுங்கள். எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிது. பின்னாளில் டூப்ளோ குமிழ்களின் மேல் சாதாரண 2×4 பிரிக்கைப் பொருத்தலாம் என்பதால் அந்தக் காசும் வீண்போகாது.

கழுவி, பிரித்து வையுங்கள்

பழைய துண்டுகளை வலைத்துணிப் பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு அலசுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, கை தாங்குகிற சூடு போதும். வெந்நீரில் போட்டால் துண்டு நெளிந்துவிடும், அதன் பிறகு பிடிக்காது. மின்சாரத் துண்டுகள், ஸ்டிக்கர் ஒட்டியவை தனியே ஈரத்துணியால் துடைக்க வேண்டியவை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர் என்றால் கடைசி அலசலுக்குக் குடிநீர் எடுங்கள், இல்லாவிட்டால் கறுப்புத் துண்டுகளில் வெள்ளைத் திட்டு நிற்கும். மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள். மின்விசிறிக்கு அடியில், பழைய வேட்டியை விரித்து ஒரு ராத்திரி விட்டால் போதும்.

பிரித்து வைப்பதில் எல்லோரும் செய்யும் முதல் தப்பு நிறவாரியாகப் பிரிப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கறுப்பு டப்பாவுக்குள் ஒரு சின்னக் கறுப்பு 1×1 டைலைத் தேடிப் பாருங்கள், கண்ணில் பூச்சி பறக்கும். அதுவே எல்லா நிற 1×1 டைலும் ஒரே கிண்ணத்தில் இருந்தால் கறுப்பு தானே கண்ணில் படும். கண்ணுக்கு நிறம் சட்டென்று பிடிபடும், வடிவம் பிடிபடாது. அதனால் வடிவவாரியாகப் பிரியுங்கள். தொடக்கத்தில் பிரிக், பிளேட், டைல், ஸ்லோப், மற்றவை என்று ஐந்து டப்பா போதும். ஒரு டப்பா நிரம்பி வழியும்போது மட்டும் அதை இரண்டாக்குங்கள். முதல் நாளே நாற்பது அறைப் பெட்டி வாங்கிவந்து அதை நிரப்பத் துண்டு தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பொடித் துண்டுகளுக்கு அஞ்சறைப்பெட்டியை விட நல்ல ஏற்பாடு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஏழு கிண்ணம், ஒரே மூடி, எதையும் கிண்ணத்தோடு எடுத்துக் கட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுக்களையில் இருப்பதைத் தூக்காதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள். மொத்த மூட்டையைப் பிரிக்க அகலக் கண் உள்ள காய்கறிக் கூடையில் கொட்டிக் குலுக்கினால் பொடிசுகள் கீழே இறங்கிவிடும், பாதி வேலை முடிந்தது.

துண்டுகளைப் பிரிக்கப் பல்லையும் நகத்தையும் பயன்படுத்தாதீர்கள். பல்தடம் விழுந்த பிளேட்டை வாங்க ஆள் கிடையாது. பிரிப்பான் என்று ஒரு சின்ன நெம்புகோல் பல பெட்டிகளில் கூடவே வரும், ஆரஞ்சு நிறத்தில். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிரிப்பான் வைத்து நெருக்கினால் தானே விட்டுவிடும்.

திண்ணை வீட்டு முகப்பு

இப்போது கட்டலாம். மினிஃபிக் எனப்படும் பொம்மை மனிதன் சுமார் நான்கு பிரிக் உயரம், அவனுக்கேற்ற அளவில் போடுவோம். முன்பக்கம் மட்டும்தான். தேவைப்படுவது 16×16 பிளேட் ஒன்று, 1×4×6 (கடைசி எண் பிரிக் கணக்கில் உயரம்) கதவுச் சட்டமும் கதவும், 1×4 பிரிக் 14, 1×2 பிரிக் 12, 1×8 பிரிக் ஒன்று, 2×3 பிரிக் 6, உருண்டை 1×1 பிரிக் 16, 1×16 பிரிக் ஒன்று, 3×2 அளவில் 33 டிகிரி ஸ்லோப் 16, கொஞ்சம் டைல். நிறம் உங்கள் விருப்பம். நான் சுவருக்கு வெள்ளை, திண்ணைத் தரைக்கு அடர் சிவப்பு டைல், கூரைக்குச் செம்பழுப்பு எடுத்தேன். கூரைத் துண்டுகளைப் புதிதாகவே வாங்கினேன், காரணம் மேலே சொன்னதுதான்.

பிளேட்டின் நடுப்பகுதியில் குறுக்காக ஒரு குமிழ் வரியைச் சுவருக்கு ஒதுக்குங்கள். சரியாக நடுவில் கதவுச் சட்டம், 4 குமிழ். இரண்டு பக்கமும் 6 குமிழ் சுவர். முதல் வரிசையில் வெளிப்பக்கம் 1×4, கதவோரம் 1×2. இரண்டாவது வரிசையில் வெளியே 1×2, உள்ளே 1×4. இப்படியே மாற்றி மாற்றி ஆறு வரிசை. ஏன் மாற்ற வேண்டும் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்: இணைப்புக்கு மேல் இணைப்பு வந்தால் சுவர் அங்கே பிளக்கும். பிளாஸ்டிக்குக்கும் அதே சட்டம்தான், பூச்சு வேலை கிடையாது என்பதால் இன்னும் கறாராக. ஏழாவது வரிசையில் 1×8 பிரிக்கைக் கதவுக்கு மேலே, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குமிழ் ஏறும்படி வையுங்கள். லிண்டல் போட்டாயிற்று. இரண்டு ஓரத்திலும் ஒரு 1×4.

சுவருக்கு முன்னால் இருபுறமும் திண்ணை. ஒவ்வொரு பக்கமும் மூன்று 2×3 பிரிக்கை அடுத்தடுத்து வைத்தால் 6 குமிழ் அகலம், 3 குமிழ் ஆழம். நடுவில் 4 குமிழ் வாசல் வழி. ஒவ்வொரு திண்ணையின் முன்வரியிலும் இரண்டு ஓரக் குமிழ்களையும் தூணுக்கு விட்டுவிட்டு மற்ற இடத்தை டைலால் மூடுங்கள். ஆளை உட்கார வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு ஜம்பர். மினிஃபிக்குக்கு முழங்கால் மடங்காது. உட்கார்ந்தால் காலை நேரே நீட்டிக்கொண்டுதான் இருப்பான், அதனால்தான் மூன்று குமிழ் ஆழம்.

தூணுக்கு நான்கு உருண்டை பிரிக் வீதம் நான்கு தூண். அவற்றின் மேல் 1×16 பிரிக், உத்திரமாக. 1×16 கிடைக்கவில்லை என்று இரண்டு 1×8 போட்டுவிடாதீர்கள், இரண்டும் சேரும் இடம் வாசல் வழிக்கு நேர் மேலே தாங்கலில்லாமல் தொங்கும். அதற்குப் பதில் மூன்று அடுக்குப் பிளேட்டை இணைப்புகள் மாறி வரும்படி அடுக்குங்கள், மூன்று பிளேட் ஒரு பிரிக் அல்லவா.

இனிக் கூரை. எட்டு ஸ்லோப்புகளை உத்திரத்தின் மேல், முன்னால் ஒரு குமிழ் வெளியே நீட்டும்படி வரிசையாகப் பொருத்துங்கள். அதுதான் தாழ்வாரம். நடுக் குமிழ் உத்திரத்தைப் பிடிக்கும், பின்குமிழ் வரி மேலே தெரியும். இரண்டாவது எட்டின் முன்முனை அந்தப் பின்குமிழ் வரியில் உட்கார, பின்முனை சரியாகச் சுவரின் ஏழாவது வரிசை மேல் வந்து இறங்கும். இந்த ஸ்லோப் ஒரு பிரிக் ஏறினால் இரண்டு குமிழ் உள்ளே போகும், திண்ணை ஆழத்தை மூன்றாகவும் சுவரை ஏழாகவும் வைத்தது இந்தக் கணக்குக்காகத்தான். எங்காவது உட்காராமல் முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஒரு பிளேட் உயரம் எங்கேயோ கூடியிருக்கும், கீழேயிருந்து எண்ணுங்கள்.

கட்டிய பிறகு ஒன்று கவனிப்பீர்கள். வாசலில் ஆள் நிற்கலாம், ஆனால் திண்ணை மேல் நின்றால் உத்திரம் தலையில் இடிக்கும். தூணை ஒரு பிரிக் உயர்த்தினால் சுவரும் ஒன்று உயர வேண்டும். நான் அப்படியே விட்டுவிட்டேன். ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையும் அப்படித்தான், நிமிர்ந்தவன் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும்.

அடுத்து

கைவசம் இருக்கும் செட்டுகளின் எண்ணை ரீபிரிக்கபிள் தளத்தில் பதிந்தால், அதே துண்டுகளை வைத்து மற்றவர்கள் வடிவமைத்த எவற்றைக் கட்டலாம் என்று காட்டும். குறிப்பிட்ட துண்டை மட்டும் வாங்க பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை உண்டு. 2000-இல் தொடங்கிய அந்தச் சந்தையை 2019-இல் லெகோவே வாங்கிக்கொண்டது. பிரிக்லிங்கின் 'ஸ்டூடியோ' மென்பொருள் இலவசம். துண்டு வாங்கும் முன் கணினியில் கட்டிப் பார்த்து, எத்தனை வேண்டும் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் திரையில் நிற்கும் கட்டடம் மேசையில் நிற்கும் என்று நம்பாதீர்கள். அங்கே புவியீர்ப்பு கிடையாது.

திண்ணை வீட்டை ஒரு வாரம் வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். தூசி தட்ட, பயன்படுத்தாத மேக்கப் பிரஷ் நல்லது. வருகிறவர்கள் பார்க்கட்டும், நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கூரையைத் தூக்கி உள்ளேயும் ஒன்று. பிறகு பழைய வேட்டியை விரித்து, மேலேயிருந்து கலைக்கத் தொடங்குங்கள். கூரைத் துண்டுகள் பதினாறும் ஒரே டப்பாவுக்குப் போகட்டும், அடுத்த வீட்டுக்கு முப்பத்திரண்டு வேண்டியிருக்கும்.